புள்ளி சேராத கண்: அஸ்டிக்மாட்டிசம்

கண் பரிசோதனை முடிந்ததும் கையில் ஒரு சீட்டுக் கொடுப்பார்கள். ஸ்ஃபியர், சிலிண்டர், ஆக்சிஸ் என்று ஒவ்வொரு கண்ணுக்கும் மூன்று கட்டங்கள். நடுக் கட்டத்தில் எண் இருந்தால், "உங்களுக்கு சிலிண்டர் பவர் இருக்கு" என்பார் கண்ணாடிக் கடைக்காரர். அதுதான் குறையின் பெயர் என்று நானும் பல வருடம் நினைத்திருந்தேன். உண்மையில் அது மருந்தின் பெயர். இந்தக் குறைக்குப் போடும் கண்ணாடியில், உருளையின் பக்கவாட்டில் இருக்கிற மாதிரி, ஒரு திசையில் மட்டும் கூடுதல் வளைவு இருக்கும். அந்த உருளைதான் சிலிண்டர். குறையின் பெயர் அஸ்டிக்மாட்டிசம்.

கிரேக்க மொழியில் ஸ்டிக்மா என்றால் புள்ளி, குத்திய அடையாளம். முன்னால் வரும் 'அ' இன்மையைக் குறிக்கும். ஆக, 'புள்ளி இல்லாத தன்மை'. அடிமைகளுக்கும் குற்றவாளிகளுக்கும் குத்திய அடையாளமும் ஸ்டிக்மாதான்; களங்கம் என்ற பொருளில் இன்று வழங்கும் சொல் அதிலிருந்து வந்தது. பூவின் சூலகமுடிக்கும் தாவரவியலில் அதே பெயர்.

கண்ணுக்கு ஏன் புள்ளி? இந்தக் குறையைத் தன் கண்ணிலேயே கண்டு முதலில் எழுதியவர் ஆங்கிலேய விஞ்ஞானி தாமஸ் யங், 1801-இல். விழியின் முன்படலமான கருவிழியைத் தண்ணீரில் பதித்து அதன் வேலையை நிறுத்திப் பார்த்தார். குறை அப்படியே இருந்தது. அதனால், தன் விஷயத்தில் கோளாறு உள்ளே இருக்கும் லென்சில் என்று முடிவு செய்தார். தன் கண்ணை வைத்தே இவ்வளவு பொறுமையாகச் சோதித்த அந்த மனிதரை நினைத்தால் எனக்கு இன்றும் வியப்புத்தான்.

அப்புறம் வந்தவர் ஜார்ஜ் ஏரி. பிற்காலத்தில் இங்கிலாந்தின் அரச வானியலாளரானவர். அவருடைய இடது கண்ணுக்கு ஒளிப்புள்ளி புள்ளியாகத் தெரியவில்லை, கோடாகத் தெரிந்தது. தூரத்தை மாற்றினால் அந்தக் கோடு வேறு திசைக்குத் திரும்பியது. கணக்குப் போட்டு, இப்ஸ்விச் ஊரில் ஃபுல்லர் என்ற கண்ணாடிக்காரரிடம் உருளை வளைவு கொண்ட லென்ஸ் ஒன்றைச் செய்து வாங்கினார். 1825-இல் கேம்பிரிட்ஜில் அதை விளக்கிப் பேசினார். பெயர் வைத்தது அவருடைய நண்பர் வில்லியம் ஹியூவெல், 1840-களில். மின்சாரத்தை ஆராய்ந்த ஃபாரடேக்கு, மின்முனைகளைக் குறிக்கும் ஆனோடு, கேத்தோடு என்ற சொற்களைத் தந்தவரும் இவரே. புள்ளி கோடாகிப்போன கண்ணுக்கு 'புள்ளி இன்மை' என்று பெயர் வைத்தது எவ்வளவு பொருத்தம்!

விழிவெண்படலம் (பேச்சில் கருவிழி) பந்துபோல எல்லாத் திசையிலும் ஒரே அளவு வளைந்திருந்தால், ஒளி விழித்திரையில் ஒரு புள்ளியில் குவியும். ஒரு திசையில் கூடுதலாகவும் அதற்குக் குறுக்கே குறைவாகவும் வளைந்திருந்தால், கரண்டியின் முதுகுபோல, இரண்டு இடங்களில் இரண்டு கோடுகளாகக் குவியும். எழுத்தின் ஓரத்தில் நிழல் விழுவதும், இரவில் எதிரே வரும் வண்டியின் விளக்கு கீற்றுக் கீற்றாக நீள்வதும் இதனால்தான்.

இப்போது தமிழுக்கு வருவோம். 'பார்வைச் சிதறல்', 'சிதறல் பார்வை' என்று எழுதுகிறோம். காதுக்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இயற்பியலில் ஒளிச்சிதறல் என்பது வேறு. வானம் நீலமாகத் தெரியக் காரணமான நிகழ்வு அது. கண்ணுக்குள் ஒளி உண்மையிலேயே சிதறுவது கண்புரையில். அஸ்டிக்மாட்டிசத்தில் ஒளி சிதறவில்லை. ஒழுங்காக, ஆனால் இரண்டு இடங்களில் குவிகிறது. அதனால் 'புள்ளிக் குவியமின்மை' என்பதே சரியான சொல் என்பது என் கருத்து. நீளமாக இருந்தால் 'புள்ளி குவியாமை' போதும். குறை என்ன என்பதை அந்தப் பெயரே நோயாளிக்குச் சொல்லிவிடும்.

எவ்வளவு இருந்தால் அதிகம்? லென்ஸின் திறனை அளக்கும் டயாப்டர் என்ற அலகில்தான் இதையும் சொல்வார்கள். பொதுவாக 1-க்குக் கீழே லேசானது, 1 முதல் 2 வரை நடுத்தரம், 2 முதல் 3 வரை அதிகம், அதற்கு மேல் மிக அதிகம் என்பார்கள். முன்னால் இருக்கும் கழித்தல் குறியைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். அது எழுதும் முறை. 0.50 பலருக்கு இருக்கும். அதை யாரும் உணரவே மாட்டார்கள் என்று சொல்லிவிடவும் முடியாது: நாள் முழுக்கக் கணினி பார்ப்பவருக்கு அதுவே தலைவலியாகலாம். ஆக்சிஸ் எண் கூடுதல் குறைவைச் சொல்வதில்லை. 170 என்றால் அது திசை, அவ்வளவுதான். ஆனால் கண்ணாடி போடும்போது அந்தத் திசை முக்கியம். 30 டிகிரி திரும்பிவிட்டால் சிலிண்டரின் பலன் முழுவதும் போய்விடும். எனக்கே ஒருமுறை புதுக் கண்ணாடியில் தரை சரிந்து தெரிந்தது, "பழகிடும்" என்றார்கள். இரண்டு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு மறுபடி அளக்கச் சொன்னேன், ஆக்சிஸ் மாறியிருந்தது.

சரிசெய்ய எளிய வழி கண்ணாடிதான். காண்டாக்ட் லென்ஸ் வேண்டுமென்றால், இரு திசைகளில் இரு வேறு வளைவு கொண்ட டோரிக் வகை. கண்ணில் சுழலாமல் இருக்க அதன் கீழ்ப்பகுதியைச் சற்றுத் தடிப்பாகச் செய்வதுண்டு. கடினமான லென்ஸ் வேறு விதமாக வேலை செய்கிறது: அதற்கும் விழிக்கும் நடுவில் கண்ணீர் நிரம்பி மேடுபள்ளத்தைச் சமன்படுத்திவிடும். லேசர் சிகிச்சை, 18 வயது கடந்து, பவர் ஒரு வருடமாவது மாறாமல் இருந்து, விழிவெண்படலம் போதிய தடிப்பும் சீரான வடிவமும் கொண்டவர்களுக்கு. கண்புரை அறுவை செய்துகொள்ளப் போகிறவர்கள் டோரிக் லென்ஸ் வைக்கலாமா என்று முன்கூட்டியே கேளுங்கள், இரண்டும் ஒரே நாளில் முடிந்துவிடும். கண் பயிற்சியால் இந்த வளைவு மாறாது.

இரண்டு பேரைப் பற்றி மட்டும் எனக்குக் கவலை உண்டு. ஒருவர், சிறு குழந்தை. மங்கலாகப் பார்ப்பதே இயல்பு என்று நினைப்பதால் குழந்தை குறை சொல்லாது. மூளை தெளிவாகப் பார்க்கப் பழகாமலே போனால், பிறகு கண்ணாடி போட்டும் முழுப் பார்வை வராமல் போகலாம். கண்ணை இடுக்கிப் பார்த்தாலோ தலையைச் சாய்த்துப் படித்தாலோ தாமதிக்காமல் காட்டுங்கள். மற்றவர், அடிக்கடி கண்ணைக் கசக்கும், ஆறு மாதத்துக்கொரு முறை சிலிண்டர் எண் ஏறும் பதின்ம வயதுப் பிள்ளை. விழிவெண்படலம் மெலிந்து கூம்பாகும் கெரட்டோகோனஸாக இருக்கலாம். கண்ணாடியை மாற்றிக்கொண்டே இருந்தால் காலம்தான் போகும். விழிவெண்படலத்தின் வரைபடம் எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். ரைபோஃபிளேவின் சொட்டு விட்டுப் புற ஊதா ஒளி காட்டும் சி3ஆர் சிகிச்சையால் பெரும்பாலும் அதை அங்கேயே நிறுத்த முடியும்.