அடைப்பும் இல்லை, வாய்வும் இல்லை

போன மாதமும் ஒருவர் வந்தார். வாழைச்சேனைப் பக்கம், கடற்றொழில், நாற்பதைத் தாண்டிய வயது. விடியப்புறம் மூன்று நான்கு மணிக்கு நெஞ்சை இறுக்கிப் பிடித்து எழுப்பிவிடுகிறதாம். பத்து நிமிடம் வேர்த்துக் கொட்டும், அப்புறம் ஒன்றும் நடக்காத மாதிரி தோணியில் ஏறிவிடுவார். பகலில் எடுத்த ஈசிஜியில் பிழையே இல்லை. "வாய்வு டொக்டர், இஞ்சி அவிச்சுக் குடுத்தன்" என்றார் மனைவி. பையில் மூன்று வகை வாய்வுக் குளிசை. அவருடைய சட்டைப்பையில் சிகரெட் பெட்டி.

வார்ட்டில் வைத்துக்கொண்டோம். நான்கு மணிக்கு வலி வந்த கையோடு தாதி ஈசிஜி எடுத்தார். எஸ்டி கோடு மேடாக எழும்பி நின்றது, இதயத் தசைக்கு இரத்தம் போதவில்லை என்பதன் அடையாளம். நாக்கின் கீழ் மருந்து வைத்துச் சில நிமிடங்களில் இறங்கிவிட்டது. பிறகு அஞ்சியோகிராமில், அதாவது இதயத் தமனிக்குள் சாயம் விட்டு எடுக்கும் படத்தில், பெரிய அடைப்பு எதுவும் இல்லை. மனைவிக்குச் சந்தோஷம்: "நான் சொன்னன்தானே, வாய்வு!"

எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றியது. இதயத் தமனி வீட்டுத் தண்ணீர்க் குழாய் இல்லை, அம்மா. அதன் சுவரில் தசை இருக்கிறது, சுருங்கும், விரியும். அந்தத் தசையைத் தளர்த்தி வைப்பது உட்பக்கம் ஒரே ஒரு கல அடுக்காக இருக்கும் மெல்லிய படலம். அது சுரக்கும் நைத்திரிக் ஒட்சைட்டுத்தான் தசைக்கு 'இளகு' என்று சொல்கிறது. 1980இல் ஃபர்ச்காட் என்ற அமெரிக்க விஞ்ஞானி முயலின் தமனியில் இதைக் காட்டினார்: படலம் இருந்தால் அசற்றைல்கோலின் என்ற மருந்து குழாயை விரிக்கும், படலத்தைச் சுரண்டிவிட்டால் அதே மருந்து சுருக்கும். 1998இல் நோபல் பரிசில் பங்கும் கிடைத்தது. சிகரெட் புகை செய்வதும் ஏறக்குறைய அந்தச் சுரண்டல் வேலையைத்தான். அடைப்பே இல்லாத குழாயும் இறுகி மூடிக்கொள்ளும். நீடித்தால் மாரடைப்பு. இதயத் துடிப்பு குழம்பினால் ஆளே போய்விடலாம்.

அஞ்சியோகிராம் எடுத்த நேரம் குழாய் இறுகியிருக்கவில்லை, அவ்வளவுதான். அந்த அறிக்கையைக் காட்டி, இதயத்துக்கு நாங்கள் தந்த குளிசையை நிறுத்தாதீர்கள். பக்கத்து வீட்டுக்காரரின் பிரஷர் குளிசையையும் தொடாதீர்கள். அவற்றில் புரோப்பிரனலோல் போன்றவை இந்த இறுக்கத்தைக் கூட்டும். நாக்கின் கீழ் வைக்கும் மருந்தை அதன் போத்தலிலேயே வையுங்கள், தாளில் சுற்றாதீர்கள். உட்கார்ந்துகொண்டுதான் வைக்க வேண்டும், விழுங்கக் கூடாது. வலி விடாவிட்டால் விடியட்டும் என்று பார்த்திருக்காமல் 1990 அம்புலன்ஸுக்குக் கோல் எடுங்கள், அதற்குக் காசு கட்டத் தேவையில்லை.

சிகரெட்டைப் பற்றி ஏச எனக்கு அலுத்துவிட்டது. விட்டுவிடுங்கள், தயவுசெய்து.

இஞ்சி அவிக்கும் அம்மாமாரே, அடுப்பை மூட்டும் நேரத்தில் கிளினிக் கொப்பியில் ஒரு வரி எழுதுங்கள்: எத்தனை மணிக்கு வலி வந்தது, எத்தனை நிமிடம் நின்றது. பகல் ஈசிஜியை விட எனக்கு அந்த வரி உதவும்.