எஃப்.சி. சோதனையில் எந்திரம் எதை அளக்கிறது?

எஃப்.சி. (வண்டி சாலையில் ஓடத் தகுதியானது என்ற சான்று) தேதி நெருங்கிவிட்டால் திருநெல்வேலியைச் சுற்றியுள்ள பட்டறைகளில் ஒரே மாதிரி வேலைதான் நடக்கும். டிங்கர் ஒரு பக்கம் தட்டிக்கொண்டிருப்பார். பெயிண்டர் மறுபக்கம் பம்பருக்குக் கறுப்பு அடித்துக்கொண்டிருப்பார். முன்னால் வெள்ளை, பக்கவாட்டில் மஞ்சள், பின்னால் சிவப்பு என்று ஒளிரும் பட்டை ஒட்டுவார்கள். கதவோரம் வெற்று எடை, ஏற்றும் எடை விவரங்களைப் புதிதாக எழுதுவார்கள். எல்லாம் முடிந்ததும் வண்டி ஷோரூமிலிருந்து வந்த மாதிரி நிற்கும்.

இதெல்லாம் வேண்டியதுதான். ஆனால் சோதனையின் உயிர் வேறு இடத்தில் இருக்கிறது. பிரேக் போட்டால் வண்டி நிற்குமா, நேராக நிற்குமா, எதிரே வருகிறவரின் கண் கூசாமல் வெளிச்சம் விழுமா, புகை எவ்வளவு வருகிறது: இந்தக் கேள்விகளுக்கு எண்ணில் பதில் சொல்வதுதான் அதன் வேலை. அந்த எண்கள் எப்படிக் கிடைக்கின்றன, எந்த இடத்துக்கு மேல் அவற்றை நம்பக் கூடாது என்பது வண்டி வைத்திருப்பவர்கள் எல்லோருக்கும் தெரிய வேண்டும் என்று நினைக்கிறேன்.

முதலில் விதியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வாடகைக்கும் சரக்குக்கும் ஓடும் வண்டிக்கு, அது எட்டு வயதைத் தாண்டும் வரை 2 ஆண்டுக்கு ஒருமுறை தகுதிச் சான்று. அதற்குப் பிறகு ஆண்டுதோறும். சொந்த உபயோகக் காருக்கும் பைக்குக்கும் 15 ஆண்டு வரை கவலை இல்லை. அப்புறம் 5 ஆண்டுக்கு ஒருமுறை. இத்தனை காலமும் பிரேக் இன்ஸ்பெக்டர் (மோட்டார் வாகன ஆய்வாளர்) கண்ணால் பார்த்து, ஓட்டிப் பார்த்துச் சான்று தந்தார். மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-ல் வந்த திருத்தமும் 2021-ல் வந்த விதிகளும் இந்த வேலையைத் தானியங்கிச் சோதனை மையங்களுக்குக் கொண்டுபோகின்றன. அங்கே அளப்பது எந்திரம்.

வண்டியின் அடையாளத்தை உறுதி செய்வது மட்டும் இன்னும் பழைய கைவேலைதான். சேஸ் எண் பொறித்த இடத்தில் படிந்த கிரீஸையும் மண்ணையும் துடைத்துவிட்டு, எண்ணின் மேல் பென்சிலால் அழுத்தித் தேய்ப்பார்கள். அதன்மேல் கண்ணாடி டேப்பை ஒட்டி, நகத்தால் நீவி, மெல்லப் பிரித்தால் எழுத்துகள் அப்படியே டேப்பில் வந்துவிடும். பள்ளத்தில் கரி ஏறாது, மேட்டில் மட்டும் ஏறும். பொறித்த எண்ணை யாராவது அரத்தால் ராவி மாற்றியிருந்தால், அந்த இடத்தில் உலோகப் பரப்பின் கீறல் வேறு மாதிரி விழுந்து காட்டிக்கொடுத்துவிடும்.

இனி பிரேக்.

தரையில் இரண்டு இரண்டாக உருளைகள் பதித்திருக்கும். முன்சக்கரங்கள் இரண்டையும் அவற்றின் இடையில் இறக்கி நிறுத்துவார்கள். வண்டி நகராது; உருளைகள் சுழன்று சக்கரத்தைச் சுற்றவைக்கும். வேகம் மணிக்கு ஐந்து கிலோமீட்டர் அளவுதான், நடைவேகம். டயர் வழுக்காமல் இருக்க உருளையின் மேல்பரப்பு சொரசொரப்பாக இருக்கும். ஓட்டுநர் பெடலை மெல்ல மெல்ல அழுத்துகிறார். பிரேக் சக்கரத்தைப் பிடிக்க, சக்கரம் உருளையைப் பிடிக்க, உருளையைச் சுழற்றும் மோட்டார் திணறுகிறது.

இங்கேதான் ஒரு அழகான உத்தி இருக்கிறது. அந்த மோட்டாரை அசையாதபடி முடுக்கி வைப்பதில்லை. தன் அச்சில் லேசாகத் திரும்பும்படி தொங்கவிட்டு, அதன் உடலிலிருந்து ஒரு கையை நீட்டி, அந்தக் கை ஒரு சுமையுணரியின் மேல் அழுந்தும்படி வைத்திருக்கிறார்கள். நியூட்டன் சொன்ன எதிர்வினைதான் இதற்கு அடிப்படை. உருளையை ஒரு திசையில் திருப்ப முயலும் மோட்டாரின் உடல், அதே அளவு விசையோடு எதிர்த்திசையில் திரும்பப் பார்க்கும். பிரேக் எவ்வளவு இறுக்குகிறதோ, அவ்வளவு அந்தக் கை அழுத்தும். சுமையுணரிக்குள் மிக மெல்லிய உலோகத் தாள் ஒட்டியிருக்கும். நெளியும்போது அதன் மின்தடை துளியளவு மாறுகிறது. அந்த மாற்றம் திரையில் எண்ணாகத் தெரிகிறது. டயரை ஒட்டி நிற்கும் இன்னொரு குட்டி உருளை சக்கரத்தின் வேகத்தைக் கவனித்துக்கொண்டே இருக்கும். சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்கத் தொடங்கினால், டயர் தேயாமல் இருக்க எந்திரம் தானே நின்றுவிடும்.

குட்டி யானை மாதிரி ஒரு சின்னச் சரக்கு வண்டியை எடுத்துக்கொள்வோம். காலியாக 1,000 கிலோ என்று வைத்துக்கொண்டால் கணக்கு எளிது. முன் வலது சக்கரம் 200 கிலோ விசை காட்டுகிறது. முன் இடது 130. பின்சக்கரங்கள் ஆளுக்கு 85. மொத்தம் 500. எடையில் பாதி, அதாவது 50 சதவீதத் திறன். இந்தத் திறனில் 30 கி.மீ. வேகத்தில் வரும் வண்டி சுமார் 7 மீட்டரில் நிற்கும், 60 கி.மீ. வேகத்தில் வந்தால் 28 மீட்டர் பிடிக்கும். வேகம் இரண்டு மடங்கானால் நிற்கும் தூரம் நான்கு மடங்கு. பிரேக்குக்குக் காலைக் கொண்டுபோக ஆகும் ஒரு நொடியில், 60 கி.மீ. வேகத்தில், ஓடிப்போகும் 17 மீட்டர் இதில் சேராது.

மொத்தத்தை மட்டும் பார்த்தால் இந்த வண்டி மோசமில்லை. முன்சக்கரங்களைத் தனித்தனியாகப் பார்த்தால்தான் விஷயம் தெரியும். 200-க்கும் 130-க்கும் உள்ள வித்தியாசம் 70. பெரியதில் அது 35 சதவீதம். பல நாடுகளின் சோதனைகளில் 30 சதவீதத்தைத் தாண்டினாலே வண்டியைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். ஏனென்றால், வலது சக்கரம் கூடுதலாகப் பிடிக்கும்போது வண்டி தன்னைத்தானே வலது பக்கம் திருப்பிக்கொள்ளும். காய்ந்த தார்ச்சாலையில் ஸ்டீயரிங்கை இறுக்கிப் பிடித்துச் சமாளித்துவிடலாம். ஐப்பசி மழையில் அதே வண்டி எதிர் வரிசைக்குள் மூக்கை நுழைத்துவிடும். பட்டறையில் "இடது பக்கம் பிடிக்கவே இல்ல அண்ணாச்சி, வலதுதான் இழுக்கு" என்று சொல்வது இதைத்தான். காரணம் பெரும்பாலும் சின்னதாக இருக்கும். சீல் போய் லைனிங்கில் (டிரம்மின் உட்புறத்தில் உரசிப் பிடிக்கும் பட்டை) கிரீஸ் ஏறியிருக்கலாம். வீல் சிலிண்டரின் பிஸ்டன் துருவில் சிக்கியிருக்கலாம். லைனிங் ரிவெட் வரை தேய்ந்திருக்கலாம்.

அனுபவமுள்ள இன்ஸ்பெக்டர் ஓட்டிப் பார்த்தே இழுவையைக் கண்டுபிடித்துவிடுவார், அதில் சந்தேகமில்லை. ஆனால் இடது எவ்வளவு, வலது எவ்வளவு என்று சொல்ல உருளையால்தான் முடியும். பெடலை ஒரே அளவில் அழுத்தியிருக்கும்போது எண் ஏறி இறங்கினால் சக்கரத்தோடு சுழலும் டிரம் வட்டம் தப்பியிருக்கிறது என்று அர்த்தம். பெடலைத் தொடாதபோதே எண் அதிகமாகக் காட்டினால் லைனிங்கைத் தாங்கும் ஷூ உரசிக்கொண்டே ஓடுகிறது, டீசல் வீணாகிறது.

சரி, உருளையில் தேறிவிட்டால் பிரேக் முழுக்க நல்லது என்று சொல்லிவிடலாமா? முடியாது. சோதனை நடப்பது காலி வண்டியில், ஆறிய டிரம்மில், நடைவேகத்தில். நம் ஊர்ச் சாலை இந்த மூன்றுக்கும் நேர் எதிர்.

பாவூர்சத்திரம் சந்தையில் காய்கறி ஏற்றிக் கேரளாவுக்குப் போகும் வண்டி புளியரையில் ஏறி, கோட்டைவாசல் தாண்டி, ஆரியங்காவு பக்கம் இறங்க வேண்டும். சரக்கோடு 4 டன் எடையுள்ள வண்டி 100 மீட்டர் உயரம் இறங்கினால் வெளிப்படும் ஆற்றல் சுமார் 39 லட்சம் ஜூல். 13 லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைக்க அது போதும். பிரேக்கை மட்டும் நம்பி இறங்கினால், இந்தச் சூடு முழுவதும் டிரம்மிலும் லைனிங்கிலும்தான் இறங்கும். 250 மி.மீ. விட்டமுள்ள வார்ப்பிரும்பு டிரம் 200 டிகிரி கூடுதலாகச் சூடேறினால் அதன் விட்டம் அரை மி.மீ.க்கு மேல் விரியும். டிரம் ஷூவை விட்டு விலகிப்போவதால் பெடல் ஆழமாக இறங்கும். லைனிங்கில் உள்ள பிசின் சூட்டில் வாயுவை விட, உராய்வும் குறையும். அதனால்தான் ஏறிய கியரிலேயே இறங்கு என்று பழைய ஓட்டுநர்கள் சொல்வார்கள். சின்ன கியரில் எஞ்சினும் இழுத்துப் பிடிப்பதால் சூட்டில் ஒரு பங்கு அங்கே போய்விடுகிறது.

பெடலின் அழுத்தத்தைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் பிரேக் ஆயில் இன்னொரு ஆபத்து. அது காற்றிலுள்ள ஈரத்தைக் குடிக்கும் தன்மையுள்ளது. டாட் 3 வகை புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி வரை கொதிக்காது. நூற்றுக்கு நாலு பங்குகூட இல்லாத நீர் கலந்தால் போதும், அந்த எல்லை 140-க்கு இறங்கிவிடும். கொதித்தால் குழாயில் ஆவி நிரம்பும். ஆவி அமுங்கும், திரவம் அமுங்காது. பெடல் ஸ்பாஞ்ச் மாதிரி தரைக்குப் போகும். காலையில் உருளையின் மேல் அருமையான எண் காட்டிய வண்டிதான் மாலையில் மலையிறக்கத்தில் இப்படிக் கைவிடும். காற்று பிரேக் உள்ள பெரிய லாரிக்கு ஆயில் பிரச்சினை கிடையாது. டிரம் சூடாவது அதற்கும் உண்டு.

ஹெட்லைட் சோதனையிலும் இதே காலி வண்டிச் சிக்கல் இருக்கிறது. விளக்கின் முன் ஒரு பெட்டியைத் தள்ளிக்கொண்டுவந்து நிறுத்துவார்கள். அதன் முகப்பில் பெரிய லென்ஸ், உள்ளே ஒரு சின்னத் திரை. விளக்கின் ஒளி எத்தனை கோணம் கீழே சாய்கிறதோ, அதை லென்ஸ் திரையில் அதற்கேற்ற மில்லிமீட்டர் இறக்கமாக மாற்றிவிடும். பத்து மீட்டர் தள்ளிச் சுவரில் பார்க்க வேண்டியதை அரை மீட்டர் பெட்டிக்குள் பார்த்துவிடலாம். டிம் லைட் சுமார் ஒரு சதவீதம் கீழே சாய வேண்டும், அதாவது ஒவ்வொரு மீட்டருக்கும் ஒரு செ.மீ. இறக்கம். 70 செ.மீ. உயர விளக்கின் ஒளி 70 மீட்டரில் தரையைத் தொடும்.

களக்காட்டில் வாழைத்தார் ஏற்றியதும் பின்பக்கம் 3 செ.மீ. அமுங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். முன் பின் சக்கரங்களுக்கு இடையே 2.1 மீட்டர் என்றால் வண்டியின் மூக்கு 1.4 சதவீதம் தூக்கிவிடும். கீழே சாய்ந்திருந்த ஒளி இப்போது மேல்நோக்கிப் போகும். 100 மீட்டரில் எதிரே வரும் காரோட்டியின் கண்ணுக்கு நேராக நிற்கும். சான்று சரி, விளக்கும் சரி. பாரம்தான் கணக்கை மாற்றிவிட்டது. டாஷ்போர்டில் விளக்கை இறக்கும் திருகு இருக்கும் வண்டிகளில், அது இருக்கிறதென்றே பலருக்குத் தெரியாது. லோடு ஏற்றியதும் அதைத் திருப்பிவிடுவது ஒரு நொடி வேலை.

டீசல் புகையை அளப்பது ஒளியின் வேலை. புகை ஓடும் குழாயின் ஒரு முனையில் பச்சை விளக்கு, மறுமுனையில் ஒளியுணரி, இடையே 43 செ.மீ. தூரம். கியரை நியூட்ரலில் போட்டு ஆக்சிலேட்டரை ஒரே அழுத்தாக அழுத்துவார்கள். எஞ்சின் தன் எடையையே திடீரென்று சுழற்ற வேண்டியிருப்பதால் அந்தக் கணத்தில் எரிபொருள் அதிகமாக, காற்று குறைவாக உள்ளே போகும், கரி கிளம்பும். பழைய வண்டிகளுக்கு எல்லை 65 ஹார்ட்ரிட்ஜ் அலகு, பி.எஸ். 4 (பாரத் ஸ்டேஜ் 4 என்ற மாசு விதி) வண்டிக்கு 50. அனுப்பிய ஒளியில் நூற்றுக்கு 65 பங்கைப் புகை விழுங்கிவிட்டது என்பதே 65-இன் பொருள். 50 காட்டும் புகையை இரண்டு மடங்கு நீளக் குழாயில் விட்டால் ஒளி முழுக்க மறைந்துவிடாது. பாதியில் பாதி, அதாவது கால் பங்கு மிஞ்சும். அதனால்தான் எந்த எந்திரத்தில் அளந்தாலும் 43 செ.மீ. கணக்குக்கே மாற்றிச் சொல்கிறார்கள். எஞ்சின் ஆயில் 60 டிகிரிக்குச் சூடான பிறகே சோதிக்க வேண்டும். குளிர்ந்த எஞ்சினில் டீசல் சரியாகத் தூளாகாது. சைலன்சரில் படிந்த பழைய கரியும் எண்ணைக் கூட்டிவிடும். சோதனைக்கு முன் நான்குவழிச் சாலையில் ஒரு ஓட்டம் விட்டுக் கொண்டுபோவது நியாயமான ஏற்பாடுதான்.

மற்றவற்றைச் சீக்கிரம் சொல்லிவிடலாம். கார், லாரி போன்ற வண்டிகளில் டயரின் பள்ளம் 1.6 மி.மீ.க்குக் குறையக் கூடாது. பள்ளத்துக்குள் குறுக்கே ஓடும் சின்ன மேடு டயரின் மேல்பரப்போடு சமமாகிவிட்டால் அந்த எல்லை வந்துவிட்டது. சக்கரங்கள் நேராக உருளுகின்றனவா என்று பார்க்க, பக்கவாட்டில் நகரும் ஒரு தகட்டின் மேல் வண்டியை ஓட்டுவார்கள். ஒரு மீட்டர் தகடு 5 மி.மீ. நகர்ந்தால், அந்த டயர் கிலோமீட்டருக்கு 5 மீட்டர் குறுக்கே தேய்ந்துகொண்டு ஓடுகிறது.

அடிப்பாகத்துக்கு இன்னமும் கண்ணும் சுத்தியலும்தான் கருவி. உவரி, கூடங்குளம் பக்கம் கடற்காற்றில் ஓடும் வேனுக்கும், தூத்துக்குடியிலிருந்து உப்பு ஏற்றும் லாரிக்கும் இது பிரேக்குக்குச் சமமான விஷயம். உப்பு கலந்த ஈரம் மின்சாரத்தை நன்றாகக் கடத்துவதால் இரும்பு துருப்பிடிக்கும் வேகம் கூடும். மேலே பெயிண்ட் பளபளக்கும். தட்டினால் கணீரென்று கேட்க வேண்டிய இடத்தில் மொத்தென்று சத்தம் வரும். 2012-ல் தாம்பரம் அருகே பள்ளிப் பேருந்தின் தளத்திலிருந்த ஓட்டை வழியாக ஒரு சிறுமி விழுந்து இறந்தாள். அந்த ஆண்டே தமிழ்நாட்டில் பள்ளிப் பேருந்துகளுக்கென்று தனி விதிகள் வந்தன. கோடை விடுமுறை முடிவதற்குள் பள்ளி வாகனங்களை மைதானத்தில் வரிசையாக நிறுத்தி, உள்ளே ஏறித் தளத்தையும் அவசர வழியையும் பார்க்கிறார்களே, அந்த வேலையை அவசரப்படுத்தாமல் செய்யவிட வேண்டும்.

எந்திரச் சோதனை முடிந்ததும் கிடைக்கும் தாளில் சக்கரம் சக்கரமாக எண் இருக்கும். தேறியாச்சு என்று அதை மடித்து டாஷ்போர்டில் போட்டுவிடாமல், சென்ற முறை வந்த தாளோடு வைத்துப் பாருங்கள். முன் இடது அப்போது 180, இப்போது 150, மற்ற மூன்றும் மாறவில்லை என்றால், அந்த ஒரு டிரம்மை மட்டும் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். கசியும் சீல் அங்கே இருக்கலாம்.