மத்தாய்: பெயரோடு ஒட்டிக்கொள்ளும் பட்டம்

பசிபிக் தீவு நாடான சமோவாவின் அரசியலைப் படிக்கப் போனால் முதலில் குழப்புவது பெயர்கள்தான். 2021-இல் அந்நாட்டின் முதல் பெண் பிரதமரான ஃபியாமே நவோமி மத்தாஃபாவை எடுத்துக்கொள்ளுங்கள். பெற்றோர் வைத்த பெயர் நவோமி. முன்னால் நிற்கும் ‘ஃபியாமே’, லோத்தோஃபாங்கா ஊருக்குரிய பட்டம். இப்படிக் குடும்பத் தலைமைப் பட்டம் தாங்கியவரே ‘மத்தாய்’. (கேரளத்து மத்தாயிக்கும் இதற்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை, அவர் மத்தேயு.)

சொல் எங்கிருந்து வந்தது? ‘மத்தா’ என்றால் கண். எல்லார் கண்ணும் யாரை நோக்குகிறதோ அவரே மத்தாய் என்பார்கள். அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் பக்கத்து ஃபிஜியில் ‘மத்தாய்’ என்றால் கைதேர்ந்த தச்சர். எனக்கென்னவோ ‘தேர்ந்தவர்’ என்பதே பழைய பொருளாகப் படுகிறது.

அப்பா வைத்திருந்தார் என்பதற்காகப் பட்டம் தானாகப் பிள்ளைக்கு வந்துவிடாது. ‘ஐங்கா’ எனப்படும் பெருங்குடும்பம் கூடிப் பேசி ஒருவரைத் தேர்ந்தெடுக்கும். ஒரே பட்டத்தைப் பலர் தாங்குவதும் உண்டு. தகராறு வந்தால் நில, பட்ட நீதிமன்றம் இருக்கிறது. நவோமியின் அப்பா நாட்டின் முதல் பிரதமர், 1975-இல் இறந்தார். அப்புறம் அந்தப் பட்டத்துக்கு வழக்கு நடந்து, 1978-இல் மகளுக்குக் கிடைத்தது. அப்போது அவருக்கு இருபது வயதை ஒட்டித்தான் இருக்கும்.

பட்டம் வெறும் அலங்காரமும் அல்ல. நாடாளுமன்றத் தேர்தலில் நிற்க மத்தாயாக இருக்க வேண்டும். 1990 வரை வாக்குரிமையே பெரும்பாலும் அவர்களுக்குத்தான். நவோமி 1985-இல் உறுப்பினரானார், 1991-இல் அமைச்சர். 2020-இல் துணைப் பிரதமர் பதவியை உதறினார். காரணம், அதே நில, பட்ட நீதிமன்றத்தை மாற்றும் மசோதாக்கள். தேர்தலில் வென்றபின் நாடாளுமன்றக் கதவு பூட்டிக் கிடந்ததால், வெளியே புல்தரையில் கூடாரம் போட்டுப் பதவியேற்றார்.

சரி, தமிழில் என்ன சொல்வது? ‘பழங்குடித் தலைவர்’ பொருந்தாது. நாடு முழுக்க இதே முறைதான். கொங்குநாட்டுப் ‘பட்டக்காரர்’ கிட்டே வருகிறது, ஆனால் அதில் பரம்பரை வாசம் தூக்கல். ‘பட்டதாரி’ என்றால் கல்லூரி வந்து நிற்கும். பட்டத்தைக் ‘குடிப்பட்டம்’ என்றும், தாங்குபவரைக் ‘குடிப்பட்டத்தார்’ என்றும் சொல்லலாம். பட்டம் சூட்டும் ‘சவோஃபாயி’ சடங்குக்குச் சொல் தேடவே வேண்டாம், ‘பட்டம் கட்டுதல்’ நம்மிடம் எப்போதோ இருக்கிறது.