முடுக்கம் மைனஸ் வந்தால் வண்டி நிற்கிறது என்று அர்த்தமா?

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் ஒரு கடைவீட்டு மாடியில் படிவம் 5 மாணவர்களுக்குக் கூடுதல் கணிதம் சொல்லித் தருகிறேன். பதினான்கு வருஷமாகிறது. சுற்றியுள்ள தோட்டங்களிலிருந்து வரும் பிள்ளைகள்தான் அதிகம். வகையிடுவதில், அதாவது ஒன்று மாறும் வீதத்தைக் கண்டுபிடிப்பதில், அவர்களைக் குறை சொல்ல முடியாது. அடுக்கை முன்னால் கொண்டுவந்து பெருக்குவார்கள், அடுக்கில் ஒன்றைக் கழிப்பார்கள், விடை வந்துவிடும். நேர்கோட்டு இயக்கம் என்ற பாடம் தொடங்கினால்தான் திணறல். வந்த விடை என்ன சொல்கிறது என்று கேட்டால் வகுப்பே அமைதியாகிவிடும்.

இதில் சொல்லின் பங்கு பெரிது என்று நினைக்கிறேன். பள்ளியில் மலாயில் ஹலாஜு, பெச்சுத்தான் என்று படிக்கிறார்கள். தமிழில் அவை திசைவேகம் (எந்தத் திசையில் எவ்வளவு வேகம்), முடுக்கம் (திசைவேகம் மாறும் வீதம்). வீட்டுப் பேச்சில் இரண்டுக்கும் சேர்த்து 'ஸ்பீட்' என்ற ஒரே சொல்தான். ஒரே பெயரில் பழகிய இரண்டு விஷயங்களைப் பிள்ளை எப்படிப் பிரித்துப் பார்க்கும்?

அதனால் இந்தப் பாடத்தைப் பலகையில் தொடங்குவதில்லை. வகுப்பின் தரையில் டைல்ஸ் பதித்திருக்கிறது. ஒரு மாணவரை எழுப்பி, இந்தச் சமன்பாட்டின்படி நடக்கச் சொல்வேன்: இடப்பெயர்ச்சி = டி³ − 6டி² + 9டி. டி என்பது நேரம். இடப்பெயர்ச்சி என்பது புறப்பட்ட இடத்திலிருந்து எவ்வளவு தள்ளி நிற்கிறார் என்பது, டைல்ஸ் கணக்கில். விநாடியை நான் மெதுவாக எண்ணுவேன்.

ஒன்று என்னும்போது அவர் 4ஆவது டைல்ஸில் நிற்கிறார். இரண்டில் 2ஆவதற்குத் திரும்பிவிட்டார். மூன்றில் புறப்பட்ட இடத்துக்கே வந்துவிட்டார். மொத்தம் 8 டைல்ஸ் நடந்திருக்கிறார், இடப்பெயர்ச்சியோ பூஜ்ஜியம். தூரமும் இடப்பெயர்ச்சியும் வேறு வேறு என்று வருஷம் முழுக்கச் சொல்லிப் புரியாதது அந்த மூன்று விநாடியில் புரிந்துவிடுகிறது.

சரி, இப்போது வகையிடுவோம். ஒருமுறை வகையிட்டால் திசைவேகம்: 3டி² − 12டி + 9. அதையே இன்னொரு முறை வகையிட்டால் முடுக்கம்: 6டி − 12.

டி = 1 என்று போடுங்கள். திசைவேகம் பூஜ்ஜியம், முடுக்கம் −6. இந்த இடத்தில்தான் பாதிப் பேர் சறுக்குவார்கள். 'நின்னுட்டான் சார், அப்புறம் முடுக்கம் எங்கிருந்து வந்துச்சு?' என்பார்கள். ஒரு ரம்புத்தானை நேர் மேலே எறியச் சொல்வேன். உச்சியில் ஒரு கணம் அதன் திசைவேகம் பூஜ்ஜியம். அந்தக் கணத்தில் முடுக்கமும் பூஜ்ஜியமாக இருந்தால் பழம் அங்கேயே தொங்கிக்கொண்டிருக்க வேண்டும். அது கீழே வருவதே, விநாடிக்கு விநாடி 9.8 மீட்டர் என்ற புவியீர்ப்பு முடுக்கம் உச்சியிலும் விடாமல் இழுப்பதால்தான்.

அடுத்து மைனஸ் குறி. முடுக்கம் மைனஸ் என்றால் வேகம் குறைகிறது என்று பல பிள்ளைகள் மனப்பாடம் செய்து வருகிறார்கள். யார் சொல்லிக்கொடுத்தார்களோ, இது தவறு. டைல்ஸ் மேல் நடந்தவரையே பாருங்கள். டி 1க்கும் 2க்கும் நடுவே முடுக்கம் மைனஸ், திசைவேகமும் மைனஸ். அவர் பின்னோக்கிப் போகிறார், போகப் போக வேகம் கூடுகிறது. டி = 2இல் திசைவேகம் −3, அதுதான் அதன் மிகக் குறைந்த மதிப்பு. ஆனால் பின்னோக்கி அவர் போனதில் மிக வேகமான கணமும் அதுவே. 2க்கும் 3க்கும் நடுவே முடுக்கம் பிளஸ் ஆகிவிட்டது, அங்கேதான் வேகம் குறைகிறது. திசைவேகமும் முடுக்கமும் ஒரே குறியாக இருந்தால் வேகம் கூடும், எதிர்க்குறியாக இருந்தால் குறையும். ஒரு குறியை மட்டும் பார்த்து எதுவும் சொல்ல முடியாது.

இரண்டாம் வகைக்கெழுவின், அதாவது இருமுறை வகையிட்டதன், குறியீட்டில் (d²s/dt²; s இடப்பெயர்ச்சி, t நேரம்) மேலே சின்னதாக ஒரு 2 இருக்கும். அதைப் பார்த்துத் திசைவேகத்தை வர்க்கப்படுத்திவிட்டு முடுக்கம் என்று எழுதிய விடைத்தாள்களை நிறையத் திருத்தியிருக்கிறேன். அந்த 2 வர்க்கம் அல்ல, இரண்டு முறை வகையிடு என்ற கட்டளை. கீழே நேரத்தோடு நிற்கும் 2 மட்டும் அலகில் தெரியும்: மீட்டரை விநாடியால் ஒருமுறை வகுத்தால் திசைவேகம், இருமுறை வகுத்தால் முடுக்கம்.

மூன்றாம் முறை வகையிட்டால் ஜெர்க், அதாவது முடுக்கம் மாறும் வீதம். பாடத்திட்டத்தில் இல்லை. ஆனால் பஸ்ஸில் நின்றுகொண்டு போகும் பாட்டிக்கு அது நன்றாகத் தெரியும். டிரைவர் பிரேக்கைத் திடீரென அழுத்தும்போது உடம்பைத் தூக்கிப் போடுவது அதுதான். நம் ஊர் நிலையத்திலிருந்து இடிஎஸ் என்ற மின்சார ரயில் புறப்படும்போது கவனியுங்கள். மடியில் இருக்கும் தேநீர் அவ்வளவாகத் தளும்பாது, ஏனென்றால் முடுக்கம் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் ஏறுகிறது.

இத்தனையும் நான் விடாமல் சொல்வதற்குப் பரீட்சை மட்டும் காரணம் இல்லை. இந்த நாட்டில் 16 வயதிலேயே மோட்டார் சைக்கிள் லைசென்ஸ் எடுக்கலாம். சாலை விபத்தில் இறப்பவர்களில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் மோட்டாரில் போகிறவர்கள். என் வகுப்புப் பையன்களில் பலர் அதில்தான் வருகிறார்கள். அதனால் கடைசிக் கணக்கு எப்போதும் ஈப்போ – கோலகங்சார் சாலையில்தான்.

பிரேக் பிடித்தால் முடுக்கம் −5, அதாவது வேகம் விநாடிக்கு விநாடி 5 மீட்டர் குறைகிறது என்று வைத்துக்கொள்வோம். எதிரே மாடு நிற்பதைப் பார்த்துக் கை பிரேக்குக்குப் போக ஒரு விநாடி. மணிக்கு 60 கிலோமீட்டரில் வருபவர் அந்த ஒரு விநாடியில் சுமார் 17 மீட்டர் ஓடுவார், பிரேக்கில் சுமார் 28 மீட்டர். மொத்தம் சுமார் 45 மீட்டரில் நின்றுவிடுவார். 90இல் வருபவர், அதாவது விநாடிக்கு 25 மீட்டர், முதல் விநாடியிலேயே 25 மீட்டரை விட்டுவிடுகிறார். பிரேக் பிடித்த பிறகு அவர் இடப்பெயர்ச்சி 25டி − 2.5டி², திசைவேகம் 25 − 5டி. நிற்க 5 விநாடி, 62.5 மீட்டர். மொத்தம் 87.5.

இப்போது அந்த 45ஆவது மீட்டருக்கு வாருங்கள். முதலாமவர் மாட்டுக்கு முன்னால் காலூன்றி நிற்கும் இடம் அது. இரண்டாமவர் அதே இடத்தைக் கடக்கும்போது எவ்வளவு திசைவேகம் என்று கண்டுபிடிக்கச் சொல்வேன். விநாடிக்குக் கிட்டத்தட்ட 20.6 மீட்டர் என்று வரும். மணிக்கு மாற்றினால் சுமார் 74 கிலோமீட்டர்.