பிறந்தநாள் சாப்பாடும் ஜூன் மாதச் சம்பளமும்

மார்ச் கடைசி வாரத்தில் என் போன் ஓயாது. "சார், வரிச் சலுகைக்கு 80ஜி ரசீது கிடைக்கிற மாதிரி நல்ல இடம் ஒன்று சொல்லுங்களேன்." சொல்வேன். பணம் போகும், ரசீது வரும். அடுத்த மார்ச் வரை கொடுத்தவருக்கு அந்த இடத்தின் பெயர்கூட நினைவிருக்காது.

நான் ஆடிட்டர். பெரிய கம்பெனிக் கணக்குகளோடு சில சின்ன அறக்கட்டளைகளின் கணக்கையும் பார்க்கிறேன். முதியோர் இல்லம், சிறப்புக் குழந்தைகளுக்கான பள்ளி, கிராமத்தில் மாலை நேர டியூஷன், இப்படி. அவர்களுடைய கேஷ் புக்கைப் புரட்டினால் தீபாவளியை ஒட்டியும் மார்ச்சிலும் வரவுப் பக்கம் நிரம்பியிருக்கும். ஜூனில் ஏறக்குறைய வெள்ளைத்தாள். கொடுக்கிறவர்கள் வீட்டிலும் அது ஸ்கூல் பீஸ் கட்டும் மாதம்தானே.

ஓர் இல்லத்தின் கணக்கில் வருடம் தவறாமல் ஜூனில் 'டிரஸ்டி கைமாற்று' என்று ஒரு வரி வந்தது. எங்கிருந்து வந்த பணம் என்று கேட்டேன். "என் வளையல்தான் சார். ஆகஸ்ட்ல மீட்டுடுவேன்" என்றார் இல்லத்தை நடத்தும் அம்மா. ஆயாக்களின் சம்பளம் அடகுக்கடையிலிருந்து வந்துகொண்டிருந்தது.

அதே இல்லத்தின் சுவரில் ஒரு காலண்டர். பிறந்தநாள், திதி, கல்யாண நாள் என்று சாப்பாடு போடுகிறவர்கள் பெயர் கட்டங்களுக்குள் அடங்கவில்லை. ஒரே ஞாயிற்றுக்கிழமைக்கு மூன்று பெயர். அந்தச் சாப்பாட்டைச் சமைக்கிற அம்மாவின் சம்பளத்துக்கு ஒருவரும் பெயர் எழுதவில்லை. குறையாகச் சொல்லவில்லை. பிள்ளைகள் பாயசம் குடிப்பதைப் பார்க்கிற நிறைவு வாடகை ரசீதைப் பார்த்தால் வராது.

ஆனால் தொடர்ந்து நடக்கும்படி கொடுப்பது நமக்குப் புதிதும் அல்ல. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் அணையாமல் எரியும் ஒரு நந்தா விளக்குக்கு 96 ஆடு என்று கணக்கு இருக்கிறது. ஆட்டைப் பெற்றுக்கொண்டவர் நாள்தோறும் ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும். கிழடானதும் செத்ததும் போக, குட்டிகள் சேர்ந்து மந்தையின் எண்ணிக்கை குறையாது. அதனால்தான் 'சாவா மூவாப் பேராடு' என்று பெயர். இன்றைக்கு அந்த ஆடுகளுக்குக் கார்பஸ் நிதி என்று பெயர். ஒரு பெரும் தொகை கையில் இருந்தால் 'இது கார்பஸுக்கு' என்று கடிதத்தில் எழுதிக் கொடுங்கள். அசல் வங்கியில் கிடக்கும், வட்டி செலவுக்கு ஆகும்.

பெரும் தொகை இல்லாதவர்களுக்கு மாதச் சந்தா. 40 பேர் ஆளுக்கு 500 ரூபாய் தந்தால் 20,000. சின்ன ஊரில் ஒரு டீச்சரின் சம்பளம் அது. மாதாமாதம் தானாகப் பணம் போகும்படி வங்கியில் ஸ்டாண்டிங் இன்ஸ்ட்ரக்‌ஷன் கொடுத்துவிட்டு, 'எந்தச் செலவுக்கும் எடுத்துக்கொள்ளலாம்' என்று ஒரு வரி எழுதிவிடுங்கள். "நிர்வாகச் செலவு எவ்வளவு?" என்று சந்தேகமாகக் கேட்கிறவர்களுக்கு ஒரு தகவல்: நன்கொடையாளர் பட்டியலை மே 31க்குள் வருமான வரித்துறைக்குத் தாக்கல் செய்யாவிட்டால் நாளொன்றுக்கு 200 ரூபாய் தாமதக் கட்டணம். கணக்கெழுத ஆள் வைக்காத இல்லம்தான் அதைக் கட்டுகிறது.

வரிச் சலுகையைப் பற்றிச் சுருக்கமாக: சின்ன அறக்கட்டளைகளுக்குக் கொடுத்ததில் பொதுவாகப் பாதிக்குத்தான் கழிவு, அதற்கும் உச்சவரம்பு உண்டு. 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் கிடையாது. அரிசி மூட்டைக்கும் கிடையாது. புதிய வரி முறைக்கு மாறியவர்களுக்கு 80ஜி சலுகையே இல்லை. இதைக் கேட்டதும் கொடுப்பதையே நிறுத்திய வாடிக்கையாளர்கள் எனக்கு உண்டு.

வெளிநாட்டில் இருப்பவர்கள், இந்தியப் பாஸ்போர்ட் இருந்தால் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியே அனுப்பலாம். வேறு நாட்டுக் குடியுரிமை வாங்கியிருந்தால், இந்திய வம்சாவளியினருக்கான ஓசிஐ கார்டு கையில் இருந்தாலும் அது வெளிநாட்டு நன்கொடைதான். வெளிநாட்டு நன்கொடை வாங்குவதற்கான எப்சிஆர்ஏ பதிவு இல்லாத இல்லம் அதை வாங்கினால் மாட்டிக்கொள்வது இல்லம்.

இடத்தைத் தேர்ந்தெடுக்க நான் சொல்லும் வழி எளிது. விசேஷ நாளில் போகாதீர்கள், ஜூலையில் ஒரு செவ்வாய்க்கிழமை போங்கள். தணிக்கை அறிக்கையைக் கேளுங்கள். கேட்டதற்குக் கோபப்பட்டால் காபியைக் குடித்துவிட்டு வந்துவிடலாம்.

நிறுத்த வேண்டி வந்தால் முன்கூட்டிச் சொல்லுங்கள். அந்த வளையல் இல்லத்துக்கு மாதம் 1,000 ரூபாய் தந்துவந்த ஓர் ஆசிரியர், ஓய்வு பெறுவதற்கு எட்டு மாதம் முன்பே 'ஜூன் முதல் என்னால் 400தான் முடியும்' என்று கார்டு போட்டிருந்தார். வவுச்சர் ஃபைலில் அதைக் குத்தி வைத்திருந்தார்கள். மீதி 600க்கு ஆள் தேட அவர்களுக்கு அந்த எட்டு மாதம் போதுமாக இருந்தது.