நிலத்தடி எரிபொருள் தொட்டி கசிந்தால்: அமெரிக்க விதிகளும் பக்கத்துக் கிணறுகளும்

அமெரிக்காவில் பெட்ரோல், டீசல் போன்றவற்றை நிலத்துக்கு அடியில் தேக்கி வைப்போர், தொட்டி கசிந்தால் என்னென்ன செய்ய வேண்டும் என்பதைக் கூட்டாட்சி விதித்தொகுப்பின் 40ஆம் தலைப்பு, 280ஆம் பகுதி வரையறுக்கிறது. இதற்கான சட்டம் 1984இல் இயற்றப்பட்டது. விதிகள் 1988இல் வெளியாகி, 2015இல் பெருமளவு திருத்தப்பட்டன. விதிகளை வகுப்பது மத்தியச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை என்றாலும், கசிவு நடந்த இடத்தில் விசாரணையை மேற்பார்வையிடுவது பெரும்பாலும் அந்தந்த மாநிலத்தின் துறையே; மாநிலங்கள் இன்னும் கடுமையான விதிகளையும் வைத்துக்கொள்ளலாம்.

தொட்டி, அதனோடு இணைந்த குழாய்கள் ஆகியவற்றின் மொத்தக் கொள்ளளவில் 10 சதவீதமாவது மண்ணுக்கு அடியில் இருந்தால் அது இவ்விதிகளுக்கு உட்படும். வீட்டிலோ பண்ணையிலோ வணிக நோக்கமின்றி வாகன எரிபொருள் வைத்திருக்கும் 1,100 கேலன் வரையிலான தொட்டிகளுக்கும், வைத்திருக்கும் இடத்திலேயே வெப்பமூட்டப் பயன்படும் எண்ணெய்த் தொட்டிகளுக்கும் விலக்கு உண்டு. விலக்குப் பெற்ற தொட்டி கசிந்தாலும் கிணற்று நீர் கெடத்தான் செய்யும் என்பதால், அத்தகைய இடங்களில் மாநில விதிகளைப் பார்ப்பது அவசியம்.

உரிமையாளரின் கடமை, கசிவு உறுதியான பிறகு அல்ல, சந்தேகம் எழும்போதே தொடங்கிவிடுகிறது. இவ்விதிகளின் பலமே இதுதான் என்று கருதுகிறேன். பக்கத்துக் கட்டடத்தின் அடித்தளத்திலோ சாக்கடையிலோ பெட்ரோல் வாடை வீசினாலும், தொட்டிக்குள் காரணம் தெரியாமல் தண்ணீர் சேர்ந்தாலும், கசிவு கண்டறியும் கருவி எச்சரித்தாலும், 24 மணி நேரத்துக்குள் துறைக்குத் தெரிவிக்க வேண்டும். துறை வேறு கால வரம்பு குறிப்பிடாவிட்டால், தொட்டியையும் குழாய்களையும் 7 நாட்களுக்குள் சோதிக்க வேண்டும். கசிவு உறுதியானால் மேலும் கசியாமல் தடுத்து, தீ மற்றும் ஆவி அபாயங்களை நீக்கி, எடுத்த நடவடிக்கைகளை 20 நாட்களுக்குள்ளும், இடத்தைப் பற்றிய முதற்கட்ட ஆய்வை 45 நாட்களுக்குள்ளும் அறிக்கையாகத் தர வேண்டும். சுற்றுவட்டார மக்கள்தொகை, நிலப் பயன்பாடு, மண்ணின் தன்மை, புதைசாக்கடைகள் செல்லும் இடம், பாதிக்கப்படக்கூடிய கிணறுகள் ஆகியவை அந்த ஆய்வில் இடம்பெற வேண்டும்.

கள விசாரணையின் மையம், நிலத்தடி நீரைச் சோதிப்பதற்கென்றே அமைக்கப்படும் கண்காணிப்புக் கிணறுகளே. நிலத்தடி நீர் எந்தத் திசையில் ஓடுகிறது என்பதைக் கணிக்க, ஒரே நேர்கோட்டில் அமையாத மூன்று கிணறுகளாவது வேண்டும். பெட்ரோல் நீரைவிட இலேசானது. அது நீர்மட்டத்தின் மீது மிதப்பதால், கண்காணிப்புக் கிணற்றுக் குழாயின் துளையிட்ட பகுதி நீர்மட்டத்துக்கு மேலும் கீழும் பரவியிருக்குமாறு அமைக்கப்படுகிறது. முழுவதும் நீருக்கு அடியில் அமைத்துவிட்டால், மிதக்கும் எண்ணெய் கிணற்றுக்குள் வராமலேயே போகலாம். நீர் மாதிரியைச் சிறு கண்ணாடிக் குப்பியில் விளிம்புவரை நிரப்பி, மூடிக் கவிழ்த்து, உள்ளே ஒரு காற்றுக்குமிழிகூட இல்லை என்று பார்த்த பிறகே பனிக்கட்டியில் வைக்கிறார்கள். குமிழி இருந்தால், பெட்ரோலில் உள்ள நச்சுப்பொருளான பென்சீன் அதற்குள் ஆவியாகி, ஆய்வகத்தில் உண்மை அளவைவிடக் குறைவாகக் காட்டும். குடிநீர் வழங்கல் அமைப்புகளில் பென்சீனுக்கான உச்சவரம்பு லிட்டருக்கு 5 மைக்ரோகிராம் மட்டுமே என்பதால், இந்தக் கவனத்தை மிகை என்று சொல்ல முடியாது.

மிதக்கும் எண்ணெயை மட்டும் அகற்றிவிட்டால் போதாது. முன்பு பெட்ரோலில் கலக்கப்பட்ட எம்.டி.பி.இ. என்ற வேதிப்பொருள் நீரில் எளிதில் கரைந்து, மண்ணில் ஒட்டாமல், பென்சீனைவிட வெகுதூரம் செல்லும். கலிபோர்னியாவின் சாண்டா மோனிகா நகரம் 1996இல் தன் குடிநீர்க் கிணறுகளை மூட நேர்ந்ததற்கு இந்தப் பொருளே காரணம். நகரத்தின் நீரில் ஏறக்குறையப் பாதி அதனால் நின்றுபோனது.

சீரமைப்புச் செலவை முதலில் ஏற்க வேண்டியவர் தொட்டியின் உரிமையாளர் அல்லது அதை இயக்குபவர். பெட்ரோல் பங்க் நடத்துவோர் ஒரு கசிவுக்கு 10 லட்சம் டாலர் வரை ஈடுகட்டும் நிதி வசதியை, காப்பீடு அல்லது மாநில நிதியம் போன்ற வழிகளில், முன்கூட்டியே காட்ட வேண்டும். பொறுப்பாளரைக் கண்டுபிடிக்க முடியாத இடங்களுக்காக, ஒரு கேலனுக்கு 0.1 சென்ட் வரியில் திரளும் மத்திய நிதியம் 1986 முதல் இருக்கிறது.

அருகில் வசிப்போர் அறிய வேண்டியது இதுதான்: வீட்டுக்குச் சொந்தமான கிணறுகள் மத்தியக் குடிநீர்ச் சட்டத்தின் கீழ் வருவதில்லை, அவற்றின் நீரைச் சோதிப்பது வீட்டுக்காரரின் பொறுப்பு. பழைய கிணறுகள் பல, பதிவேடுகளிலும் இருப்பதில்லை. அப்படிப்பட்ட கிணறு 45 நாள் அறிக்கையில் விடுபட்டுப்போவது எளிது. ஆகவே, பக்கத்தில் கசிவு என்று தெரிந்தவுடன், கிணற்றின் இடம், ஆழம், அது குடிப்பதற்குப் பயன்படுகிறதா என்ற விவரங்களை மாநிலத் துறைக்கு எழுத்தில் கொடுத்து, நீரைச் சோதிக்கக் கேட்க வேண்டும். சீரமைப்புத் திட்டம் தேவைப்படும் ஒவ்வொரு கசிவிலும், நேரடியாகப் பாதிக்கப்படுவோருக்குத் துறை அறிவிப்புத் தர வேண்டும் என்றும், கேட்போருக்கு ஆவணங்களைக் காட்ட வேண்டும் என்றும் விதி சொல்கிறது. மக்களிடம் போதிய ஆர்வம் இருந்தால், திட்டத்துக்கு ஒப்புதல் அளிக்கும் முன் பொதுக்கூட்டமும் நடத்தலாம்.