பழைய கிராப்பு எப்படி நிற்கிறது?

1950களில் எடுத்த அமெரிக்க, பிரிட்டிஷ் புகைப்படங்களில் ஆண்களின் தலையைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். காதோரமும் பிடரியும் ஒட்ட வெட்டியிருக்கும். மேலே ஏற ஏற, கோடு எதுவும் தெரியாமல் முடி நீண்டுகொண்டே போகும். உச்சியில் மூன்று அங்குலம் விட்டு, முன்நெற்றியில் தூக்கிப் பின்னால் வாரியிருப்பார்கள். ஆண்கள் பெரும்பாலும் ஸ்ப்ரே பக்கமே போகாத காலம் அது. கையிருப்பு என்று பார்த்தால் பொமேட் என்ற தலைப்பசை ஒரு டப்பாவும் பையில் ஒரு சீப்பும்தான். ஆனாலும் காலையில் வாரியது மாலைவரை நின்றது.

அதே வெட்டு இப்போது நம்மூர் சலூன்களுக்கும் வந்திருக்கிறது. படத்தைக் காட்டி வெட்டிக்கொள்கிறார்கள். சலூனிலிருந்து இறங்கும்போது நன்றாகத்தான் இருக்கிறது. மறுநாள் குளித்துவிட்டு வாரினால் வருவதில்லை. உடனே பழி பொமேடின் மேல் விழுகிறது, அடுத்து இன்னும் விலை கூடிய டப்பா வீட்டுக்கு வருகிறது. என்னைக் கேட்டால் டப்பாவின் முறை கடைசியில்தான். வடிவத்தில் பாதியைக் கத்திரி தருகிறது, மீதியைத் தண்ணீர் தருகிறது. பொமேட் அதற்குக் காவல், அவ்வளவுதான்.

முதலில் கத்திரி. ஒரு தலைமுடியின் தடிமன், ஆளைப் பொறுத்து, 0.05 முதல் 0.1 மில்லிமீட்டர்வரை இருக்கும். ஒரு முனை தோலில் ஊன்றி மறுமுனை காற்றில் நிற்கும் கம்பியாக அதை வைத்துக் கணக்குப் போடலாம். அப்படிப் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருக்கும் கம்பி தன் எடையாலேயே எவ்வளவு தொய்யும் என்பது அதன் நீளத்தின் நான்காம் அடுக்கைப் பொறுத்தது. நீளம் இரண்டு மடங்கானால் தொய்வு 16 மடங்கு. 0.07 மி.மீ. தடிமனுள்ள முடியை எடுத்துக்கொண்டால், 2 செ.மீ. நீளத்தில் தொய்வு கால் மில்லிமீட்டர்தான். 4 செ.மீ. நீளத்தில் சுமார் 4 மி.மீ. ஆகிறது. 8 செ.மீ.க்குப் போனால் முடி முழுதாகவே கவிழ்ந்துவிடும்.

காதுக்கு மேலே 3 செ.மீ. முடியை விட்டால் தலை ஏன் அகலமாகத் தெரிகிறது என்பது இதிலிருந்தே புரியும். அந்த நீளத்தில் முடிக்குப் படுக்கத் தேவையான எடை இல்லை, ஒளிந்துகொள்ளும் அளவுக்குக் குட்டையும் இல்லை. வேர் எந்தப் பக்கம் காட்டுகிறதோ அந்தப் பக்கம் நீட்டிக்கொண்டு நிற்கும். எவ்வளவு பொமேட் போட்டு அழுத்தினாலும் மதியத்துக்குள் எழுந்துவிடும். ஆகவே ஒன்று ஒட்ட வெட்ட வேண்டும், இல்லை நீள விட வேண்டும். தியாகராஜ பாகவதரின் புகழ்பெற்ற கிராப்பு இரண்டாவது வழி: பிடரிவரை நீள விட்டு, எடையாலேயே படியவைத்தது. மேற்கத்திய பழைய வெட்டு முதல் வழி.

உச்சியில் கணக்கு வேறு. அங்கே முடி நிமிர்ந்து நிற்க வேண்டும். 1881-ல் கிரீன்ஹில் என்ற ஆங்கிலேயக் கணிதவியலர், ஒரு கம்பமோ மரமோ தன் எடையால் வளைந்துவிடாமல் எவ்வளவு உயரம் நிற்க முடியும் என்பதற்கு ஒரு சூத்திரம் கண்டார். அதில் மரத்துக்குப் பதிலாக அதே 0.07 மி.மீ. முடியைப் போட்டால் 8 முதல் 9 செ.மீ. என்று விடை வருகிறது. நேரான முடி நட்டக்குத்தலாக நின்றால் கிடைக்கும் உச்சவரம்பு இது. சற்றே சாய்ந்தாலும் அதற்கு வெகு முன்னதாகவே வளையத் தொடங்கும். மூன்று அங்குலம் என்பது ஏறக்குறைய 7.5 செ.மீ., வரம்புக்குச் சற்று உள்ளே. மெல்லிய முடிக்காரர்கள் இதைவிடக் குறைவாக விடுவதே நல்லது. தடிமன் 0.05 மி.மீ. என்றால் வரம்பே 7 செ.மீ.க்கு இறங்கிவிடுகிறது.

இந்த இரண்டு நீளங்களையும் கோடு தெரியாமல் இணைப்பதில்தான் முடிதிருத்துபவரின் கைத்திறன் முழுதும் இருக்கிறது. மெஷினில் மாட்டும் நம்பர் சீப்புகள் படிப்படியானவை: 1 என்றால் 3 மி.மீ., 2 என்றால் 6, 3 என்றால் 10, 4 என்றால் 13. ஒவ்வொரு படியிலும் தோல் தெரியும் அளவு சட்டென்று மாறுவதால் கண்ணுக்குக் கோடு தட்டும். சீப்பைத் தலையில் சாய்த்துப் பிடித்து, அதற்கு மேல் தெரியும் முடியைக் கத்திரியால் வெட்டிக்கொண்டே ஏறினால் படியே கிடையாது, சீப்பின் சாய்வு மாற மாற நீளமும் சீராக மாறும். பழைய வெட்டின் மென்மை இதிலிருந்து வருவது. "மீடியமா, ஷார்ட்டா?" என்று சலூனில் கேட்டால் இரண்டும் சரியான பதில் அல்ல. பிடரியில் மட்டும் மெஷின், காதுக்கு மேல் சீப்பும் கத்திரியும், பின்கழுத்தில் கோடு போடாமல் மங்கலாக விடவும் என்று சொல்லிவிடுங்கள்.

மெஷின் என்றதும் ஒரு கிளைக்கதை. இல்லினாய் மாநிலத்தின் ஸ்டெர்லிங் ஊரைச் சேர்ந்த லியோ வால், கையடக்கமான மின்சார முடிவெட்டிக்கு 1919-ல் காப்புரிமை கோரினார். மின்காந்தத்தால் அதிரும் மெஷின்களில் சுழலும் மோட்டாரே இல்லை. மாறுமின்னோட்டம் ஒரு மின்காந்தத்தை இயக்க, அது அலகோடு சேர்ந்த இரும்புத் தகட்டை இழுக்கிறது, ஸ்பிரிங் திருப்பிவிடுகிறது. மின்னோட்டத்தின் ஒவ்வொரு அரைச் சுற்றுக்கும் ஓர் இழுப்பு. நம் மின்சாரம் நொடிக்கு 50 சுற்று என்பதால் அலகு 100 முறை ஆடும், அதாவது நிமிடத்துக்கு 6,000. அமெரிக்காவில் 60 சுற்று என்பதால் 7,200. சலூனில் காதருகே கேட்கும் அந்த உறுமல் இதுதான்.

வெட்டு முடிந்தது. இனி முடி எந்தப் பக்கம் போக விரும்புகிறது என்று பார்க்க வேண்டும். ஒவ்வொரு வேரும் தோலுக்குள் சாய்வாகவே அமர்ந்திருக்கிறது, அந்தச் சாய்வு பிறப்பதற்கு முன்பே முடிவாகிவிடுகிறது. எல்லாச் சாய்வும் சுற்றி வரும் இடம்தான் சுழி. 2004-ல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தார் எலிகளில் ஒரே ஒரு மரபணுவை நீக்கியபோது, சீராகப் படிந்திருக்க வேண்டிய ரோமம் கண்ட இடத்தில் சுழி போட்டது. சாய்வைத் தீர்மானிப்பது மரபணு என்றால் சீப்பால் அதை மாற்ற முடியாது, அனுசரித்துப் போகத்தான் முடியும். ஈர முடியை முழுவதும் பின்னால் வாரி, உள்ளங்கையால் உச்சியை மெல்ல முன்னே தள்ளுங்கள். முடி தானாகப் பிளக்கும் இடம் தெரியும். வகிடு அங்கேதான் எடுக்க வேண்டும்.

இப்போது தண்ணீர். முடி கெராட்டின் என்ற புரதத்தால் ஆனது. அதன் நீண்ட சங்கிலிகளை முக்கியமாக இரண்டு வகைப் பிணைப்புகள் பிடித்துவைத்திருக்கின்றன. ஒன்று கந்தக அணுக்களுக்கு இடையிலான வலுவான பிணைப்பு. அதை உடைக்க பார்லரில் சுருட்டவும் நேராக்கவும் பூசும் ரசாயனங்கள் வேண்டும். மற்றது ஹைட்ரஜன் பிணைப்பு. ஒவ்வொன்றும் பலவீனமானது, எண்ணிக்கையோ ஏராளம். தண்ணீர் உள்ளே புகுந்தால் இவற்றில் பெரும்பகுதி அவிழ்ந்துவிடும், சங்கிலிகள் ஒன்றின்மேல் ஒன்று வழுக்கிக்கொள்ளும். முடி காய்ந்து தண்ணீர் வெளியேறும்போது புதிய பிணைப்புகள் உருவாகும். அவை பழைய இடத்தில்தான் உருவாக வேண்டும் என்று கட்டாயமில்லை, அந்த நேரத்தில் முடி எப்படி வளைந்திருக்கிறதோ அந்த நிலையிலேயே பூட்டிக்கொள்ளும்.

முடி நன்றாக ஈரமானால் தன் எடையில் ஏறக்குறைய 30 சதவீதம் தண்ணீரை உறிஞ்சும். தடிமன் சுமார் 15 சதவீதம் கூடும், நீளமோ ஓரிரு சதவீதம்தான். அந்த ஓரிரு சதவீதத்தையும் ஒருவர் வீணாக்கவில்லை. ஜெனீவாவின் விஞ்ஞானி சோசூர் 1783-ல் மனித முடியை ஒரு முள்ளோடு கட்டி, காற்றின் ஈரப்பதத்தை அளக்கும் கருவியை விவரித்தார். அந்த வகைக் கருவி இருபதாம் நூற்றாண்டிலும் வானிலை நிலையங்களில் ஓடிக்கொண்டிருந்தது. 1930களில் இங்கிலாந்தின் லீட்ஸ் பல்கலைக்கழகத்தில் வில்லியம் ஆஸ்ட்பரி கம்பளி இழையையும் மனித முடியையும் எக்ஸ் கதிரில் படமெடுத்தார். ஈர முடியை இழுக்கும்போது உள்ளே புரதத்தின் அடுக்கே மாறுவதையும், விட்டதும் பழையபடி திரும்புவதையும் கண்டார். லீட்ஸ் தெருக்களில் போன இளைஞர்கள் தலையை எண்ணெயில் முக்கி வாரிக்கொண்டிருந்த காலம்தான் அதுவும். அந்தப் புரதச் சங்கிலி சுருள்வடிவம் என்று அமெரிக்க வேதியியலர் லைனஸ் பாலிங் சொல்ல 1951 ஆயிற்று.

ஆக, முடியின் வடிவம் முடிவாவது ஈரம் போகும் அந்தப் பத்து நிமிடத்தில். பலர் கோட்டைவிடுவதும் அங்கேதான். குளித்துவிட்டுத் துண்டால் துவட்டி, காபி குடித்து, சட்டை போட்டு, கடைசியில் பொமேடை எடுத்தால், அதற்குள் முடி கண்டபடி படிந்து பூட்டிக்கொண்டிருக்கும். ஹெல்மெட் மாட்டியவர்களுக்குச் சொல்லவே வேண்டாம், வியர்வை தண்ணீரின் வேலையைச் செய்ய, ஹெல்மெட் சீப்பின் வேலையைச் செய்துவிடும். சரியான வரிசை இது: துவட்டிய பின் ஈரம் மிச்சமிருக்கும்போதே வகிடு எடுத்து, முன்முடியை வேரிலிருந்து தூக்கிப் பிடித்து, டிரையரால் வேர்ப்பக்கம் காயவைக்க வேண்டும். காய்ந்ததும் உடனே விட்டுவிடாதீர்கள், சூடு ஆறும்வரை சீப்பிலேயே இருக்கட்டும். சூடான முடி இன்னும் கொஞ்சம் இளக்கமாகவே இருக்கும்.

இந்த நிலையில் முடி பொமேட் இல்லாமலேயே நிற்கும், அடுத்த ஈரக்காற்று வரும்வரை. பொமேட் வேண்டியிருப்பது இதற்குத்தான்.

பழைய பொமேடின் உடல் பெட்ரோலியம் ஜெல்லி. வாசலின் என்ற பெயரில் ராபர்ட் செஸ்பரோ 1872-ல் காப்புரிமை பெற்ற அதே சரக்கு. அதில் நுண்ணிய மெழுகுப் படிகங்கள் வலையாகப் பின்னி எண்ணெயைத் தாங்கிக்கொண்டிருக்கின்றன. இறுக்கம் வேண்டுமென்றால் தேன்மெழுகு சேர்ப்பார்கள். இந்த வகைப் பொருளுக்கு ஒரு குணம் உண்டு. ஓர் அளவுக்கு மேல் விசை கொடுத்தால்தான் ஓடும், அதற்குக் கீழே திடப்பொருள் போலவே நிற்கும். சீப்பு இழுக்கும் விசை அந்த அளவுக்கு மேலே, முடியின் எடை கீழே. சீப்பு போகும்போது வழிவிட்டு, போனதும் கெட்டியாகிவிடும். இப்படிப்பட்ட ஓட்டத்துக்கு யூஜீன் பிங்காம் என்ற அமெரிக்க வேதியியலர் 1916-ல் இலக்கணம் வகுத்தார்.

தேங்காயெண்ணெய் தடவினால் தலை படியுமே தவிர ஏன் தூக்கி நிற்பதில்லை என்பதற்கும் பதில் இதுதான். சுமார் 24 டிகிரியில் உருகிவிடும் எண்ணெய்க்குத் தலையில் அந்த விசை அளவே கிடையாது. அடுத்தடுத்த முடிகளுக்கு நடுவே நுழைந்து ஒன்றையொன்று ஒட்டவைக்கும், அதனால் தட்டையாகப் படியும். ஆனால் அதற்கு வேறு ஒரு பெருமை உண்டு: அது முடிக்குள்ளேயே இறங்குகிறது, பெட்ரோலியத்திலிருந்து எடுக்கும் மினரல் ஆயில் வெளியிலேயே நிற்கிறது. 2001-ல் இதைக் காட்டிய ஆய்வில் மாரிகோ நிறுவனத்தின் ஆய்வாளர்களும் இருந்தார்கள். தேங்காயெண்ணெய் விற்கும் நிறுவனம் என்பதையும் சேர்த்தே படித்துக்கொள்ளுங்கள்.

பளபளப்புக்குக் காரணம் தனி. முடியின் மேற்பரப்பில் செதில்கள் கூரை ஓடுகளைப் போல ஒன்றின்மேல் ஒன்று அடுக்கியிருக்கும். அவற்றின் விளிம்புகளில் ஒளி சிதறுவதால் காய்ந்த முடி மங்கலாகத் தெரியும். எண்ணெய் அந்த இடுக்குகளை நிரப்பினால் சிதறல் குறைந்து, ஒளி ஒரே பக்கம் திரும்பும்.

1928-ல் பர்மிங்காமில் வந்த பிரில்கிரீம் இந்தக் கதையில் கொஞ்சம் கெட்டிக்காரத்தனமானது. மினரல் ஆயிலும் தண்ணீரும் தேன்மெழுகால் கலந்து நிற்கும் பால்மம் அது. வடிவம் பிடிக்கத் தேவையான தண்ணீரும் காவலுக்கான எண்ணெயும் ஒரே டப்பாவில் வந்துவிடும். தண்ணீர் ஆவியாகிப் போகும், எண்ணெய் தங்கும். இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் விமானப்படையினருக்குப் பிரில்கிரீம் பாய்ஸ் என்றே பட்டப்பெயர் விழுந்தது.

இன்றைய ஜெல்லில் இருப்பது பெரும்பாலும் தண்ணீரில் கரையும் பாலிமர். காய்ந்ததும் முடிகள் சந்திக்கும் இடங்களைக் கண்ணாடித் துணுக்காக ஒட்டிவிடும். பிடிப்பு பலம்தான், ஆனால் ஒருமுறை கையை விட்டுக் கலைத்தால் ஒட்டு உடைந்து வெள்ளைத் தூளாக உதிரும், மறுபடி ஒட்டாது. பொமேடில் எத்தனை முறை வேண்டுமானாலும் வாரலாம்.

சென்னை, நாகப்பட்டினம் போன்ற கடலோர ஊர்களில் பொமேடுக்கு இரண்டு பக்கமும் அடி. காற்றின் ஈரம் முடிக்குள் நுழைந்து பிணைப்புகளை அவிழ்க்கிறது. எண்ணெய்ப் பூச்சு அதைத் தாமதப்படுத்தும், தடுத்துவிடாது. இன்னொரு பக்கம் மே மாத வெயிலில் ஜெல்லியே இளகி வழிகிறது. தேன்மெழுகு உருக 62 டிகிரிக்கு மேல் வேண்டும் என்பதால், மெழுகு கூடிய கெட்டி வகையே இங்கே தாக்குப்பிடிக்கும். நகத்தால் சுரண்டினால்தான் வரும், உள்ளங்கையில் தேய்த்து இளக்கியபின் கொஞ்சமாகத் தடவினால் போதும். எடுத்ததும் முன்முடியில் அப்பாமல் பின்னாலிருந்து முன்னே தடவிக்கொண்டு வாருங்கள், எடை கூடினால் மேலே பார்த்த உயர வரம்பு சுருங்கிவிடும்.

கழுவுவதுதான் பெரிய தொல்லை. தண்ணீரை ஊற்றியதும் ஷாம்பூ போட்டால் மெழுகு அசையாது, தலையில் பிசுக்கு அப்படியே இருக்கும். எண்ணெயை எண்ணெய்தான் கரைக்கும். படுப்பதற்கு முன் காய்ந்த தலையில் தேங்காயெண்ணெயை நன்றாகத் தேய்த்துப் பத்து நிமிடம் ஊறவிட்டு, தண்ணீர் படாமலேயே ஷாம்பூவைப் பிசைந்து, அப்புறம் வெந்நீரில் அலசுங்கள். முதல் தடவை பாதிதான் போகும். விடாப்பிடியான வகைகளுக்கு இன்னொரு முறை தேய்த்தாக வேண்டும். இல்லாவிட்டால் தலையணை உறையை அடிக்கடி மாற்ற வேண்டியிருக்கும்.